சேலத்து வெள்ளைக்கல்லும் அதைப் பெற்ற பச்சைப் பாறையும்

என் மேசையில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். ஆனாலும் கையில் எடுக்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "என்ன இவ்வளவு கனமா இருக்கு!" என்பதுதான். வெளிப்பக்கம் காய்ந்த மண் நிறம். ஒரு மூலை மட்டும் உடைந்திருக்கிறது. அங்கே உள்ளே கரும்பச்சை தெரிகிறது. கற்கண்டை உடைத்ததுபோலப் பொடிப்பொடியான மணிகள். கல்லின் குறுக்கே விரல் தடிமனில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. பீங்கான் கோப்பை உடைந்த விளிம்பு எப்படி இருக்குமோ, அப்படி மழமழவென்று இருக்கும் வெள்ளை.

சேலத்தில் இந்த வெள்ளைக்குத்தான் விலை. ஊரார் அதை வெள்ளைக்கல் என்பார்கள், கம்பெனிக் கணக்கில் மேக்னசைட். சுற்றியிருக்கும் பச்சைப் பாறையின் பெயர் டூனைட். வெள்ளையைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. பச்சையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வெள்ளை பிறந்ததே பச்சையிலிருந்துதான் என்பதால், கதையை அங்கிருந்து தொடங்குவதே முறை.

ஏற்காட்டின் லேடீஸ் சீட்டிலிருந்து கீழே பார்த்தால், நகரத்துக்கும் சேர்வராயன் மலையடிவாரத்துக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாகத் தோண்டிப் போட்ட நிலம் தெரியும். ஜாகீர் அம்மாபாளையம், குரும்பப்பட்டி, கருப்பூர் என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது பழகிய காட்சி. ஆங்கிலேயர்கள் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் நிலவியல் ஏடுகளில் அதே பெயர்தான். ஆனால் அங்கே சுண்ணாம்புக் கல் கிடையாது. வீட்டிலேயே சோதிக்கலாம்: முட்டை ஓட்டின் மேல் வினிகர் விட்டால் குமிழி விடும், அது கால்சியம் கார்பனேட். வெள்ளைக்கல்லின் மேல் விட்டால் சும்மா இருக்கும். அது மெக்னீசியம் கார்பனேட். பொடித்து, அமிலத்தைச் சூடாக்கினால்தான் பொங்கத் தொடங்கும்.

சரி, இவ்வளவு மெக்னீசியம் எங்கிருந்து வந்தது?

நாம் நிற்கும் நிலத்தின் மேலோடு, கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன். அதற்குக் கீழே கவசம் தொடங்குகிறது, ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை. பூமியின் கனஅளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தக் கவசம்தான். 1909-இல் குரோவேஷியாவின் மோஹோரோவிசிச், ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போனதும் அதிர்வலைகள் சட்டென்று வேகம் பிடிப்பதைக் கண்டார். மேலோட்டில் நொடிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் போகிற அலை, அந்த எல்லையைத் தாண்டினால் எட்டு கிலோமீட்டரைத் தொடுகிறது. இந்த வேகத்துக்குப் பொருந்துகிற பாறை பெரிடோடைட். அதன் முக்கியக் கனிமம் ஆலிவின். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தோண்டத் தொடங்கிய ஆழ்துளை 12 கிலோமீட்டரைத் தாண்டியும் கவசத்தின் கிட்டக்கூடப் போகவில்லை. நாம் போய்த் தொட முடியாத அந்த இடத்தின் பாறை, சில ஊர்களில் தானாகவே மேலே வந்து கிடக்கிறது.

அந்தக் குடும்பத்துக்குத்தான் அல்ட்ராமாஃபிக் என்று பெயர். 'மாஃபிக்' என்பது மெக்னீசியத்தின் முதல் எழுத்துகளையும் இரும்பின் லத்தீன் பெயரையும் சேர்த்துக் கட்டிய சொல். இவை இரண்டும் நிறைந்த கருமையான கனிமங்களே பாறையில் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அல்ட்ராமாஃபிக். வேதியியல் கண்ணால் பார்த்தால் சிலிக்கா 45 சதவீதத்துக்கும் கீழ். நம் ஊர்க் கோயில் தூணாக நிற்கும் கிரானைட்டில் சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வித்தியாசம் கையிலேயே தெரியும்: ஒரு கன செண்டிமீட்டர் கிரானைட் 2.7 கிராம்கூட இருக்காது, புது டூனைட் 3.3 கிராம் வரும். மேசைக் கல்லைத் தூக்கியதும் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இந்தக் குடும்பத்துப் பெயர்களைப் புரிந்துகொள்ளத் தேங்காய்ப்பால் பிழிவதை நினைத்துக்கொண்டால் போதும். கவசம் ஏதோ ஒரு இடத்தில் மேலே எழும்பும்போது அழுத்தம் குறைந்து ஓரளவு உருகும், முழுவதும் உருகாது. சீக்கிரம் உருகுகிற பொருள்கள், அதாவது கால்சியமும் அலுமினியமும் சேர்ந்த பகுதிகள், முதலில் பாலாக இறங்கும். அந்தப் பால்தான் பசால்ட் எரிமலைக் குழம்பு. தக்காண பீடபூமியின் கருங்கல் அடுக்குகள் எல்லாம் அப்படிப் பிழிந்து வந்தவை. இன்னும் பிழியாத துருவல் போன்ற பாறை லெர்சோலைட், பிரான்சின் பிரனீஸ் மலையிலுள்ள லெர்ஸ் ஏரியின் பெயர். நன்றாகப் பிழிந்த பிறகு மிஞ்சுவது ஹார்ஸ்பர்கைட், ஜெர்மனியின் ஹார்ஸ்பர்க் ஊரின் பெயர். கடைசிச் சக்கை டூனைட். அதில் ஆலிவின் மட்டும் 90 சதவீதத்துக்கு மேல். நியூசிலாந்தின் நெல்சன் நகரையொட்டிய டன் மலையில், ஆஸ்திரிய நிலவியலாளர் ஹோக்ஸ்டெட்டர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பாறையைக் கண்டு பெயர் வைத்தார். அந்த மலையின் பெயருக்கே மங்கிய பழுப்பு என்றுதான் பொருள். என் கல்லின் வெளித்தோல் நிறம் அது. உள்ளே பச்சையாக இருக்கும் ஆலிவினிலுள்ள இரும்பு, காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடிப்பதால் வரும் நிறம்.

டூனைட் பிறக்க இன்னொரு வழியும் உண்டு. குழம்பு பெரிய அறையில் தேங்கி ஆறும்போது, முதலில் உறைகிற ஆலிவின் மணிகள் பாத்திரத்தின் அடியில் வண்டல் படிவதுபோலப் படியும். குரோமியத் தாதுவான குரோமைட்டும் அப்படியே பட்டை பட்டையாகப் படியும். நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோடு பக்கம் சித்தம்பூண்டியில் அப்படிப்பட்ட குரோமைட் பட்டைகள், அனார்த்தசைட் என்ற வெளிர் பாறைக்கு நடுவே கிடக்கின்றன. ஏ. பி. சுப்பிரமணியம் 1956-இல் வெளியிட்ட ஆய்வு அந்த ஊரின் பெயரை உலக நிலவியலில் பதித்தது. அந்த அனார்த்தசைட் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதனால்தான் சந்திரயான்-2 ஊர்தியைச் சோதிக்க, செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ இந்தப் பகுதிக் கல்லை அரைத்துச் செய்தது.

ஆலிவினுக்கு வருவோம். அது ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதில்தான் சேலத்தின் கதை இருக்கிறது. எல்லா சிலிக்கேட் கனிமங்களுக்கும் அடிப்படை, ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் நிற்கும் சின்ன நான்முகி. குவார்ட்ஸில் இந்த நான்முகிகள் ஒன்றோடொன்று கை கோத்து நாலாபக்கமும் பின்னிக் கிடக்கும். ஆலிவினில் ஒவ்வொரு நான்முகியும் தனி. நடுவே மெக்னீசியமும் இரும்பும் நின்றுதான் அவற்றை ஒட்டவைக்கின்றன. கவசத்திலிருந்து வரும் ஆலிவினில் அந்த இடங்களில் பத்துக்கு ஒன்பதில் மெக்னீசியம். வெப்பத்தில் இந்தக் கட்டு அசையாது; மெக்னீசியம் மட்டுமே உள்ள ஆலிவின் உருக 1,890 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் லேசான அமிலம் கலந்த மழைநீர் வந்து மெக்னீசியத்தை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தால், தாங்கிப் பிடிக்கக் கோத்த கை எதுவும் இல்லை. மெரினாவின் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். ஆலிவின் மணல் கடற்கரை உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஹவாயின் பாபகோலேயா அதில் ஒன்று. தணலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது தண்ணீரில் கரைகிறது.

தண்ணீர் மட்டும் சேர்ந்தால் ஆலிவின் சர்பெண்டைன் ஆகிறது. பாம்புத் தோல்போலப் பச்சையும் கறுப்புமாக வழவழப்பாக இருப்பதால் அந்தப் பெயர். இதில் நடக்கும் ஒரு காரியம் எனக்கு எப்போதும் வியப்பு. ஆலிவினின் இரும்பு துருப்பிடிக்க வேண்டிய ஆக்சிஜனைத் தண்ணீரிலிருந்தே பறித்துக்கொள்கிறது. மிச்சம் ஹைட்ரஜன் வாயுவாக வெளியே வரும். அது கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகவும் மாறும். துருக்கியின் யானார்தாஷ் மலைச்சரிவில் பாறை இடுக்குகளில் இரவும் பகலும் தீ எரிகிறது. பழைய கிரேக்கக் கதைகள் தீ உமிழும் பூதத்தை அங்கேதான் குடிவைத்தன. எரிவது சர்பெண்டைன் பாறை கொடுக்கும் வாயு. அட்லாண்டிக் கடலடியில் 2000-ஆம் ஆண்டு கண்டுபிடித்த 'லாஸ்ட் சிட்டி' வெள்ளைக் கோபுரங்களுக்கும் இதே வேதியியல்தான் அடிப்படை. சூரிய வெளிச்சம் எட்டாத அங்கே நுண்ணுயிர்கள் இந்த ஹைட்ரஜனையும் மீத்தேனையும் உண்டு வாழ்கின்றன. உயிரின் தொடக்கமே இப்படிப்பட்ட இடமாக இருக்கலாம் என்று வாதிடும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

சர்பெண்டைனுக்கு ஆலிவினை விட இடம் அதிகம் வேண்டும். பாறை உள்ளுக்குள் உப்பும்போது விரிசல் விடும், விரிசலில் மேலும் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருந்தால் கதை மாறுகிறது. ஒரு பங்கு ஆலிவினோடு இரண்டு பங்கு கரியமில வாயு சேர்ந்தால் இரண்டு பங்கு மேக்னசைட்டும் ஒரு பங்கு சிலிக்காவும் கிடைக்கும். மேக்னசைட் விரிசலில் வெள்ளை நரம்பாக உறைகிறது. சேலத்துச் சுரங்கச் சுவரைப் பார்த்தால், பழுப்புப் பாறையில் மீன்வலை விரித்ததுபோல வெள்ளை நரம்புகள் பின்னிக் கிடப்பது இதனால்தான். மிஞ்சிய சிலிக்கா கால்செடனி, ஓப்பல் என்று அங்கங்கே உறையும். வெள்ளைக்கல்லின் தரத்தைக் குறைக்கும் வில்லனும் அந்தச் சிலிக்காதான். கரியமில வாயு மேலிருந்து மண்ணின் வழியே மழைநீரோடு இறங்கியதா, ஆழத்திலிருந்து வெந்நீரோடு ஏறியதா என்பதில் இந்த வகை மேக்னசைட் எங்கே கிடைத்தாலும் நிலவியலாளர்களிடம் இரண்டு கட்சி உண்டு.

மாக்கல்லும் இந்த வழியில் வருவதுதான். சர்பெண்டைன் மேலும் மாறி டால்க் ஆனால், நகத்தால் கீறினாலே பொடி உதிரும் மிருதுவான கல் கிடைக்கும். வேறு இடங்களில் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறையிலிருந்தும் மாக்கல் உருவாகும் என்றாலும், பச்சைப் பாறை அதன் பழைய தாய்வீடு. வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டியை அடுத்தமுறை கழுவும்போது அதன் வழவழப்பைத் தடவிப் பாருங்கள், அது டால்க்.

சேலத்துக் குன்றுகளை முதலில் முறையாக எழுதியவர்களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் சார்லஸ் மிடில்மிஸ் முக்கியமானவர். 1896-இல் சாக் ஹில்ஸின் இந்தப் பாறைகளையும் அவற்றிலிருந்து பிறந்த கனிமங்களையும் பற்றி அத்துறையின் இதழில் அவர் குறிப்பு எழுதினார். 1905 காங்ரா நிலநடுக்கத்தை ஆராய்ந்ததும் இதே மனிதர்தான். அவருக்கு முன்பே வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சிப் பகுதிகளை நடந்து அளந்திருந்தார்கள். ஃபூட் என்றால் பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரி கண்டெடுத்தவர் என்று நமக்குத் தெரியும். கோடரியை எடுத்த அதே கைதான் இந்தக் குன்றுகளின் கல்லையும் உடைத்துப் பார்த்தது.

இந்த நிலத்தின் மண்ணையும் சொல்ல வேண்டும். டூனைட் கரைந்து வரும் மண்ணில் மெக்னீசியம் மிகுதி, கால்சியம் குறைவு, பாஸ்பரஸும் பொட்டாசியமும் சொற்பம், போதாக்குறைக்கு நிக்கலும் குரோமியமும் உண்டு. பயிருக்கு ஆகாது. ஆனால் சில செடிகள் அதிலேயே பழகிவிடுகின்றன. இலங்கையின் தென்கரையில் உஸ்ஸங்கொடை என்றோர் இடம், கடலோரமாகச் சிவந்த பொட்டல். அங்கே நம் ஊர் விஷ்ணுகிராந்தி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. அதுவும் ஓரிதழ்த்தாமரையும் மண்ணின் நிக்கலை உறிஞ்சி உடலில் சேர்த்துவைப்பதாக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இரண்டும் நாட்டு மருந்துச் செடிகள். மருந்துக்குப் பறிக்கிறவர்கள் செடியை மட்டும் பார்த்தால் போதாது, அது முளைத்த மண்ணையும் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது வெள்ளைக்கல்லைச் சூளையில் போடுவோம். 700 முதல் 1,000 டிகிரி வரை சுட்டால் லேசாக வெந்த மெக்னீசியா கிடைக்கும். தரைப்பூச்சு சிமெண்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகும். 1,500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டால் உலைச் செங்கலுக்கான மெக்னீசியா. அது உருக ஏறக்குறைய 2,800 டிகிரி வேண்டும், எஃகு உலையின் காரக் கசடு அதை அரிக்காது. இந்தியாவில் எஃகு ஆலைகள் வளர்ந்ததில் சேலத்து வெள்ளைக்கல்லின் பங்கு சாதாரணமானதல்ல. தமிழக அரசே 1979-இல் இதற்கென்று தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தை ஏற்படுத்தியது.

ஆனால் சூளையில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்தமான மேக்னசைட் ஒரு டன் என்றால் அதில் மெக்னீசியா 478 கிலோதான். மீதி 522 கிலோ கரியமில வாயு, புகைபோக்கி வழியாகப் போய்விடும். விறகுப் புகையும் நிலக்கரிப் புகையும் இதற்குமேல் தனி. என் மேசைக் கல்லில் அந்த வெள்ளைக் கோடு 100 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுட்டால் வரும் வாயு, அறை வெப்பத்தில் ஏறக்குறைய 29 லிட்டர். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றரை நிறையும். விரல் தடிமன் கல்லுக்குள் அவ்வளவு வாயு அடைபட்டிருக்கிறது.

இதனால்தான் இந்தப் பச்சைப் பாறையை இன்று உலகம் திரும்பிப் பார்க்கிறது. வானில் சேரும் கரியமில வாயுவைப் பிடித்து எங்கே வைப்பது என்பது கேள்வி. ஆலிவின் அதைப் பிடித்துக் கல்லாக்கிவிடும். கல்லானதைக் காவல் காக்க வேண்டியதில்லை, ஒழுகி வெளியே வராது. ஓமானில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகிற சாலையில் இரண்டு பக்கமும் மொட்டையாக நிற்கும் கரும்பழுப்பு மலைகளில் பெரும்பகுதி பழைய கடலடிக் கவசம். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் எத்தனையோ முறை கடந்து போயிருப்பார்கள். ஊற்றுநீர் சோப்புத் தண்ணீரைப் போல வழுக்கும், காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 11-ஐத் தாண்டும். காற்றுப் பட்டதும் குட்டையின் மேல் வெள்ளை ஏடு படியும். நிலவியலாளர்கள் பீட்டர் கெலெமனும் யுர்க் மாட்டரும் 2008-இல் போட்ட கணக்கின்படி, அந்த மலைகள் யாரும் கேட்காமலேயே ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் டன் வரை கரியமில வாயுவைக் கல்லாக்குகின்றன. அங்கே பிறந்த ஒரு நிறுவனம், வாயு கரைந்த நீரைப் பாறைக்குள் செலுத்தி இந்த வேலையை வேகப்படுத்தப் பார்க்கிறது. அதன் பெயர் 44.01, அதாவது கரியமில வாயுவின் மூலக்கூறு எடை.

சேலத்துக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கத்தில் இருக்கிறது. அங்கே தாது எடுத்தபின் கொட்டிய சர்பெண்டைன் தூள், சும்மா வெயிலிலும் மழையிலும் கிடந்தே ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் கரியமில வாயுவைப் பிடித்ததாக 2014-இல் அளந்து சொன்னார்கள். அந்தச் சுரங்கம் அப்போது வெளிவிட்ட வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல்.

சேலத்தில் வெள்ளைக்கல் எடுக்கிறவர்கள் சுத்தியலால் தட்டி, ஒட்டியிருக்கும் பச்சையைப் பிரித்துத் தூர எறிவார்கள். நரம்பு மெலிது, சுற்றியுள்ள பாறை பருமன் என்பதால் எறிவதே அதிகம். கொஞ்சத்தை எஃகு ஆலைகள் கசடு இளகுவதற்காக வாங்கிப் போகின்றன. மற்றது குவியல். மவுண்ட் கீத்தில் இருப்பது மாவாக அரைத்த தூள், சேலத்தில் கிடப்பது கல்லும் பாறையும், அதுதான் பெரிய வேறுபாடு. கட்டியான டூனைட்டில் மேல்தோல் மட்டுமே வாயுவைத் தொடும். அந்தத் தோலையும் சிலிக்காவும் துருவும் மூடிவிட, மாற்றம் நின்றுவிடும். முழுதும் மாறினால் ஒரு டன் டூனைட் 600 கிலோ வாயுவை வாங்கும். அதற்கு மாவாக அரைக்க வேண்டும், ஈரம் காட்ட வேண்டும், அப்புறம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரைக்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் பிடித்ததில் ஒரு பகுதி அங்கேயே செலவு. காற்றாலையிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்தால் கணக்கு வேறு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிச் சுழலும் காற்றாலைகளும் சேலத்துப் பச்சைக் குவியல்களும் ஒரே மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஒரு குவியலை எடுத்து, பத்து டன்னை அரைத்துத் தட்டில் பரப்பி, மழைக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல.